மூடிய உறையும் அதன் நிறையும்

ஓமந்தை என்னும் பெயரைக் கேட்டவுடன் வன்னி மக்களின் நினைவுக்கு முதலில் வருவது அவ்வூரின் வயலும் குளமும் அல்ல. அங்கிருந்த சோதனைச் சாவடியே. வவுனியாவுக்கு வடக்கே, கண்டி–யாழ்ப்பாணம் ஏ-9 வீதியில் அமைந்த இவ்வூர், 2002ஆம் ஆண்டின் போர்நிறுத்த உடன்படிக்கையை அடுத்து அவ்வீதி திறக்கப்பட்டபோது இரு கட்டுப்பாட்டுப் பகுதிகளுக்கு இடையே ஒரு கடவையாயிற்று. 2006 ஆகஸ்டில் வீதி மூடப்படும்வரை, வடக்கே செல்வோரும் தெற்கே வருவோரும் இங்கு இறங்கினர். பொதிகளை அவிழ்த்துக் காட்டினர். மீண்டும் கட்டிக்கொண்டு நடந்தனர். 2009இல் போர் முடிந்த பின்னரும் நீடித்த அச்சாவடி 2015ஆம் ஆண்டிலேயே அகற்றப்பட்டது.

அக்காலத்தில் ஒரு பொதியினுள் இருப்பதை அறிய வேண்டுமாயின் அதனைத் திறக்கவேண்டும். திறப்பவரும் அறிவார், திறக்கப்பட்டவரும் அறிவார். இன்று ஓமந்தையிலுள்ள ஒரு தாய் கனடாவிலுள்ள மகனோடு கைத்தொலைபேசியிற் பேசுகின்றாள். அவளது சொற்கள் பல நாடுகளின் கம்பிகளையும் கோபுரங்களையும் கடந்து செல்கின்றன. வழியில் யாரும் கேட்காவண்ணம் அவை பூட்டப்பட்டே செல்கின்றன என்று நமக்குச் சொல்லப்படுகின்றது. அது உண்மையே. ஆயினும் ஒரு வினா எஞ்சுகின்றது. பூட்டிய பொதியைத் திறவாமலே, அதன் நிறையை மட்டும் பார்த்து, உள்ளிருப்பதை ஒருவர் அறிந்துவிட இயலுமா? சிற்சில வேளைகளில் இயலும். அதற்கு வழிசெய்து கொடுத்தது, சிக்கனத்துக்காக நாமே கையாண்ட ஒரு நல்ல பழக்கம். அதன் பெயர் தரவுச் சுருக்கம்.

இரண்டு கலைகளைப் பற்றி இங்கே அறிந்துகொள்ளுதல் வேண்டும். ஒன்று சுருக்கும் கலை. மற்றது மறைக்கும் கலை.

சுருக்கும் கலை பழையது. தந்திக்குச் சொல்லெண்ணிக்கைப்படி கட்டணம் வாங்கிய காலத்தில், பத்துச் சொல்லிற் சொல்லவேண்டியதை நான்கு சொல்லில் அடக்கியவர்கள் நம் பாட்டனார்கள். மோர்ஸ் தந்திக் குறிமுறையில் ஆங்கிலத்தில் மிகுதியாக வரும் ‘ஈ’ என்னும் எழுத்துக்கு ஒரே புள்ளி. அரிதாக வரும் எழுத்துகளுக்கு நீண்ட குறிகள். 1952இல் டேவிட் ஹஃப்மன் என்பார் இவ்வழியைக் கணக்குமுறையாக ஒழுங்குபடுத்தினார். 1977இல் ஏபிரகாம் லெம்பெல், ஜேக்கப் ஸிவ் என்னும் இருவர் வேறொரு வழியைக் கண்டனர். முன்பு வந்த ஒரு தொடர் மறுபடியும் வந்தால் அதனை முழுமையாக எழுதாது, ‘இத்தனை எழுத்துக்கு முன்னே பார்; அங்கிருந்து இத்தனை எழுத்தை எடுத்துக்கொள்’ என்று குறித்துவிடுவதே அவ்வழி. இது நமக்குப் புதியதன்று. கணக்கேட்டில் மேல் வரியிலுள்ளதே கீழ் வரியிலும் வருமாயின், நம்மவர் ‘மேற்படி’ என்பதற்குரிய ௸ என்னும் குறியை இட்டு நிறுத்தினர் அல்லவா? கணினி செய்வதும் அதுவே.

மறைக்கும் கலையும் பழையதே. செய்தியின் எழுத்துகளை, திறவுகோல் உடையவர் ஒருவரே மீட்கக்கூடிய முறையிற் கலைத்துவிடுதல் அது. இன்றைய மறைகுறி முறைகள் மிக உறுதியானவை. முறையாக மறைக்கப்பட்ட செய்தி, பார்ப்பவருக்கு அள்ளி இறைத்த மணலைப் போல ஒழுங்கற்றே தோன்றும்.

ஆனால் மறைக்கும் கலை எழுத்தை மறைக்கின்றதேயன்றி நீளத்தை மறைப்பதில்லை. நூறு எழுத்துள்ள செய்தி பூட்டப்பட்ட பின்னும் ஏறக்குறைய நூறு எழுத்தளவே இருக்கும். நீண்ட காலமாக இது ஒரு குறையாகக் கருதப்படவில்லை. கடிதத்தின் நீளம் தெரிந்தால் என்ன, கடிதம் தெரியவில்லையே என்று அமைதியடைந்தனர்.

இவ்விரு கலைகளையும் சேர்த்துக் கையாளும்போது வரிசை ஒன்று கட்டாயமாகின்றது. மறைத்த பின் சுருக்க இயலாது. மணலில் மேற்படி என்று சொல்லத்தக்க தொடர் எதுவும் இல்லை. ஆகவே முதலிற் சுருக்கி, அதன் பின் மறைத்தனர். இங்கேதான் தவறு நுழைந்தது. எவ்வளவு சுருங்கும் என்பதைத் தீர்மானிப்பது செய்தியின் உள்ளடக்கம். சுருங்கிய பின் எஞ்சும் நீளமோ உறைக்கு வெளியே தெரிகின்றது. எனவே நீளத்தின் வழியாக உள்ளடக்கம் சிறிது சிறிதாகக் கசிகின்றது.

ஓர் எடுத்துக்காட்டினாற் கூறுவோம். வன்னியில் ஒரு பலநோக்குக் கூட்டுறவுச் சங்கம். அதன் எழுதுவினைஞர் நாள்தோறும் தலைமையகத்துக்கு ஒரு கடிதம் அனுப்புகின்றார். ஒவ்வொரு கடிதத்திலும் ‘அடையாளச் சொல்: மருதம்’ என்னும் வரி தவறாது இருக்கும். அச்சொல்லை அறிந்தவர் எவரும் சங்கத்தின் பெயரால் நெல்லை விடுவித்துக்கொள்ளலாம். எழுதுவினைஞர் சிக்கனமானவர், திரும்ப வரும் தொடருக்கெல்லாம் மேற்படிக் குறி இடுவார். பின்னர் உறையை அரக்கிட்டு மூடுவார்.

அயலான் ஒருவன் அச்சொல்லை அறிய விரும்புகின்றான். உறையைத் திறக்க அவனால் இயலாது. ஆயினும் இரண்டு வசதிகள் அவனுக்கு உண்டு. ஒன்று, தான் கொடுக்கும் சிறு விண்ணப்பத்தையும் அதே கடிதத்திற் சேர்த்து எழுதச் செய்யலாம். மற்றது, தபாற் பையில் ஏறும் உறையை அவன் நிறுத்துப் பார்க்கலாம். முதல் நாள் அவன் ‘அடையாளச் சொல்: அ’ என்று எழுதிக் கொடுக்கின்றான். எழுதுவினைஞர் ‘அடையாளச் சொல்:’ என்பதற்கு மேற்படி இட்டு, ‘அ’ என்பதைத் தனியே எழுதுகின்றார். அடுத்த நாள் ‘க’. அதற்கடுத்த நாள் ‘ச’. உறையின் நிறை மாறவில்லை. ஒரு நாள் ‘அடையாளச் சொல்: ம’ என்று கொடுக்கின்றான். இப்போது ‘ம’வும் மேற்படிக்குள் அடங்கிவிடுகின்றது. கடிதம் ஓர் எழுத்துக் குறைந்துவிட்டது, நிறையும் குறைந்துவிட்டது. முதலெழுத்து ‘ம’ என்று அயலான் அறிந்துகொண்டான். இனி ‘மஅ’, ‘மக’ என்று தொடங்கி ‘மரு’ வரை செல்வான். சில வாரங்களில் அச்சொல் அவன் கையில் இருக்கும். அரக்கு உடையவில்லை, பூட்டும் பழுதடையவில்லை. சொல் மட்டும் போய்விட்டது.

இத்தகைய ஆபத்து உண்டென்பதை ஜோன் கெல்சி என்னும் அறிஞர் 2002ஆம் ஆண்டிலேயே ஓர் ஆய்வுரையில் எடுத்துக்காட்டினார். ஆயினும் அவ்வுரை அறிஞர் வட்டத்தோடு நின்றது. 2004இல், இணையத்தின் பூட்டாக விளங்கும் டி.எல்.எஸ் என்னும் நெறிமுறைக்குச் சுருக்கும் வசதியொன்று முறைப்படி வகுத்தளிக்கப்பட்டது. எட்டாண்டுகள் கடந்து, 2012 செப்டெம்பரில், ஆர்ஜன்ரீனாவின் தலைநகராகிய புவனஸ் அயர்ஸில் நிகழ்ந்த எக்கோபார்ட்டி மாநாட்டில், ஹூலியானோ ரிஸ்ஸோ, தாய் டுவோங் என்னும் இரு ஆய்வாளர் அவ்வாபத்தைச் செயலிற் செய்து காட்டினர். அதற்கு அவர்கள் இட்ட பெயர் ‘கிரைம்’, அதாவது குற்றம்.

அவர்கள் செய்தது நமது அயலான் செய்ததே. நாம் வங்கித் தளத்திலோ மின்னஞ்சலிலோ நுழைந்த பின், ஒவ்வொரு முறையும் கடவுச்சொல்லைக் கேளாதிருக்கும் பொருட்டு, அத்தளம் நமது உலாவியிடம் ‘குக்கி’ எனப்படும் ஓர் அடையாளச் சீட்டைக் கொடுத்துவைக்கின்றது. உலாவி அத்தளத்துக்கு அனுப்பும் ஒவ்வொரு வேண்டுகோளிலும் அச்சீட்டு உடன் செல்லும். சீட்டைப் பெற்றவன் நம் பெயராலேயே உள்ளே நுழையலாம். தீயவன் அமைத்த ஒரு பக்கத்தை நாம் அறியாது திறந்தால், அப்பக்கம் நமது உலாவியைக் கொண்டே வங்கித் தளத்துக்கு வேண்டுகோள்களை அனுப்பச் செய்யும். ஒவ்வொன்றிலும் ஓர் ஊகத்தைச் செருகும். அதே கம்பியில்லா இணைப்பில் அமர்ந்திருக்கும் அவன், பூட்டிய பொதிகளின் நீளத்தை மட்டும் அளந்துகொண்டிருப்பான்.

இதன் வலிமையைக் கணக்கிட்டுப் பார்ப்போம். சீட்டு 16 இடங்கள் கொண்டது; ஒவ்வோரிடத்திலும் 16 குறிகளுள் ஏதேனும் ஒன்று வரலாம் என்று கொள்வோம். முழுச்சீட்டையும் ஒரே முறையில் ஊகிக்கவேண்டுமாயின், முயன்று பார்க்கவேண்டிய வகைகள் ஏறத்தாழ 18ஐ அடுத்துப் 18 பூச்சியங்கள் இட்ட தொகை. கணினியாலும் அது ஆகாத காரியம். ஆனால் ஒவ்வோர் எழுத்தும் சரியா, பிழையா என்று உறையின் நிறை சொல்லிவிடுமாயின், ஓரிடத்துக்கு 16 முயற்சி. 16 இடங்களுக்கு 256 முயற்சி. நடைமுறையில் இடையூறுகள் உண்டாதலால் அத்தொகை சற்றுக் கூடலாம். ஆயினும் மலை போலிருந்த காவல் மண்மேடாகிவிட்டது என்பதில் ஐயமில்லை.

அதற்குக் கண்ட மருந்து எளியது. பூட்டை மாற்றவில்லை, சுருக்கத்தை நிறுத்தினர். உலாவி செய்வோர் நிறுத்தினர். சேவைக் கணினிகளை ஆள்வோரும் நிறுத்தினர். 2018 ஆகஸ்டில் வெளியான டி.எல்.எஸ் 1.3 என்னும் பதிப்பிலே சுருக்கும் வசதி முற்றாக நீக்கப்பட்டது. வேண்டுகோள்களின் தலைப்பகுதியைச் சுருக்குதற்கு 2015இல் புதியதொரு முறையை வகுத்தவர்களும் இப்பாடத்தை மறக்கவில்லை. முழு மதிப்பும் அப்படியே ஒத்திருந்தாலன்றி மேற்படி இடலாகாது என்று அவர்கள் விதித்தனர். எழுத்தெழுத்தாக ஊகிக்கும் வழி அதனால் அடைபட்டது.

ஆயினும் சுருக்கம் ஓரிடத்தில் மட்டும் நிகழ்வதன்று. 2013 ஆகஸ்டில் அங்கெலோ பிராடோ, நீல் ஹாரிஸ், யோயெல் குளுக் என்னும் மூவர் ‘பிரீச்’ என்னும் முறையை வெளியிட்டனர். அச்சொல்லுக்கு உடைப்பு என்பது பொருள். குளக்கட்டு ஓரிடத்தில் அடைக்கப்பட்டதும் வேறோரிடத்தில் உடைப்பெடுப்பதை வன்னி மக்கள் அறிவார்கள்; இதுவும் அத்தகையதே. பூட்டு சுருக்குவதை நிறுத்தினாலும், தளம் அனுப்பும் பக்கத்தை அத்தளமே சுருக்கி அனுப்புகின்றது. அப்பக்கத்தில் நாம் தேடிய சொல்லும் ஓர் இரகசியக் குறியும் ஒருங்கே இருக்குமாயின், பழைய கதையே மீளும். பக்கங்களைச் சுருக்குவதை முற்றாக நிறுத்த உலகம் துணியவில்லை. இணையம் மிகவும் மந்தமாகிவிடும். ஆதலால் இரகசியக் குறியை ஒவ்வொரு முறையும் வெவ்வேறு வடிவில் எழுதுதல், அயல் தளத்திலிருந்து பிறக்கும் வேண்டுகோளோடு சீட்டை அனுப்பாதிருத்தல் முதலிய காவல்களை அமைத்தனர்.

நம் நாட்டோடு நெருங்கிய மற்றொரு நிகழ்ச்சியும் உண்டு. 2018 மார்ச்சில் கண்டி மாவட்டக் கலவரத்தின்போதும், 2019 ஏப்பிரலில் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளின் பின்னரும், 2022 ஏப்பிரலில் மக்கள் கிளர்ச்சியின்போதும் இலங்கையிற் சமூக ஊடகங்கள் தடுக்கப்பட்டன. அவ்வேளைகளிற் பலர் ‘வி.பி.என்’ எனப்படும் மறைவழி இணைப்புகளை நாடினர். முதல் தடை நிகழ்ந்து ஐந்து மாதங்களே ஆன நிலையில், 2018 ஆகஸ்டில், அகமது நபீஸ் என்னும் ஆய்வாளர் அமெரிக்க மாநாடுகளில் ‘வொராக்கிள்’ என்னும் முறையை விளக்கினார். சில மறைவழி இணைப்புகள், தம்முட் செல்வனவற்றைச் சுருக்கிய பின்னரே பூட்டின. அவற்றினூடாகப் பூட்டற்ற பழைய தளம் ஒன்றுக்குச் செல்பவரின் அடையாளச் சீட்டை நீளத்தின் துணையால் அறியலாம் என்று அவர் காட்டினார். பாதுகாப்பை நாடிச் சென்ற வழியிலேயே இக்கசிவு இருந்தது. அங்கும் சுருக்கத்தை நிறுத்துவதே மருந்தாயிற்று.

இனி, தொடக்கத்திற் கூறிய தாயிடம் மீள்வோம். அவள் அனுப்புவது எழுத்தன்று, குரல். குரலையும் சுருக்குகின்றோம், அதனைப் பூட்டியும் அனுப்புகின்றோம். அங்கே நிகழ்வது யாது?

இணைய வழிப் பேச்சு பெரும்பாலும் நொடிக்கு ஐம்பது சிறு துண்டுகளாக வெட்டப்பட்டு அனுப்பப்படுகின்றது. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரே அளவு இடம் கொடுப்பது ஒரு முறை. ஒலிக்குத் தக்கவாறு இடம் கொடுப்பது மற்றொரு முறை. இதனை மாறு வீத முறை என்போம். ‘ஆ’ என்று வாய்திறந்து ஒலிக்கும் உயிரொலிக்கு அதிக இடம் வேண்டும். ‘ஸ்’ என்னும் உரசொலிக்குச் சிறிதிடம் போதும். மௌனத்துக்கு இன்னும் குறைவு. இம்முறை மிகச் சிக்கனமானது. ஆனால் துண்டுகள் பூட்டப்பட்ட பின்னும் அவற்றின் நீளவேறுபாடு அப்படியே நிற்கின்றது. நீண்டது, நீண்டது, குறுகியது, மிகக் குறுகியது என்று செல்லும் அவ்வரிசை, பேச்சின் நிழலாகிவிடுகின்றது.

2007ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சார்ள்ஸ் ரைட், லூக்காஸ் பலார்ட், ஃபேபியன் மொன்றோஸ், ஜெரால்ட் மாசன் ஆகியோர் இந்நிழலை ஆராய்ந்தனர். 21 மொழிகளைத் தாய்மொழியாகக் கொண்ட 2,066 பேரின் பேச்சை அவர்கள் எடுத்துக்கொண்டனர். அம்மொழிகளுள் இந்தியும் உண்டு. நமது தமிழும் உண்டு. ‘ஸ்பீக்ஸ்’ என்னும் மாறு வீத முறையாற் பேச்சைச் சுருக்கினர். பூட்டிய துண்டுகளின் நீளத்தை மட்டும் கொண்டு, பேசப்படும் மொழி 21இல் எது என்று கணினியைச் சொல்லச் செய்தனர். நூற்றுக்கு 66 தடவை அது சரியாகச் சொல்லிற்று. குருட்டு ஊகமாயின் நூற்றுக்கு ஐந்து தடவையும் சரியாகாது. ஒரு சொல்லும் காதில் விழாமலே மொழி தெரிந்துவிட்டது! மறு ஆண்டில் அக்குழுவினர் மேலும் ஒரு படி சென்றனர். பூட்டிய ஆங்கிலப் பேச்சினுள், தாம் தேடும் குறித்த சொற்றொடர் வருகின்றதா என்பதைச் சராசரி பாதியளவு வெற்றியோடு கண்டுபிடித்தனர். சில தொடர்களில் வெற்றி நூற்றுக்குத் தொண்ணூறையும் கடந்தது.

மொழி தெரிந்தால் என்ன என்று சிலர் கேட்கக்கூடும். ஒருவர் எம்மொழியிற் பேசுகின்றார் என்பதே அவரைப் பற்றிய ஒரு செய்தி. கடவைகளிலும் சாவடிகளிலும் நின்று பழகிய நமக்கு அதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. தொலைவிலுள்ள நாடொன்றிற் புகலிடம் கோரி நிற்பவர், தாம் எம்மொழியில், எந்நேரத்தில், எவ்வூரோடு பேசுகின்றார் என்பதைப் பிறர் அறிய விரும்பாதிருக்கலாம். அவர் பூட்டை நம்பிப் பேசுகின்றார். அந்நம்பிக்கையைக் காத்தல் பூட்டுச் செய்பவரின் கடமை.

இக்கடமையை ஏற்று, 2012 மார்ச்சில் இணைய நெறிமுறைகளை வகுக்கும் அமைப்பின் வாயிலாக ஓர் அறிவுரை வெளியாயிற்று. மிகுந்த இரகசியம் வேண்டும் பேச்சுக்கு மாறு வீத முறையைத் தவிர்த்து, எல்லாத் துண்டுகளையும் ஒரே அளவாக்கும் முறையைக் கொள்க என்பது அதன் சாரம். அதனை எழுதிய இருவருள் ஒருவர் ஜோன்-மார்க் வலென். ஸ்பீக்ஸ் முறையை ஆக்கியவரும் அவரே. தாம் செய்த கருவியின் குறையைத் தாமே எடுத்துரைத்த அவரது நேர்மை பாராட்டுதற்குரியது.

இதற்கு ஒரு விலையும் உண்டு. நொடிக்கு 16,000 இருமக் குறிகள் என்னும் நிலையான அளவிற் பேசினால், குரலுக்கு மட்டும் ஒரு நிமிடத்துக்கு 1,20,000 பைற்றுகள் செல்லும். ஒரு மணி நேரத்துக்கு 72 இலட்சம். பேசினாலும் மௌனமாயிருந்தாலும் செலவு ஒன்றே. தரவுக்குப் பணம் கட்டிப் பேசும் ஏழைக் குடும்பத்துக்கு இது பொருட்படுத்தத் தக்கதே. ஆதலால் எல்லா இடத்தும் சுருக்கத்தை நிறுத்துக என்று கூறுதல் அறிவுடைமையாகாது. யாவரும் படிக்கும் செய்தித்தாளின் பக்கத்தைச் சுருக்கி அனுப்புவதால் எந்த இரகசியமும் போய்விடாது. தனியே சுருக்கிவைத்த ஒளிப்படத்தாலும் இவ்வகைத் தீங்கில்லை. அயலான் அதனுள் எதையும் செருக முடியாதல்லவா? இரகசியத்தையும் அயலானின் சொல்லையும் ஒரே சாக்கிலிட்டுச் சேர்த்து அமுக்கலாகாது என்பதே கொள்ளத்தக்க விதி. பேச்சைப் போன்று முழுவதும் இரகசியமானவற்றில், உறைகளெல்லாம் ஒரே நீளமாக இருத்தல் நன்று.

கேட்போர் இதனால் அச்சங்கொள்ள வேண்டியதில்லை. புதுப்பிக்கப்பட்ட உலாவியைக் கையாள்பவருக்குக் ‘கிரைம்’ முறையினால் இன்று ஆபத்தில்லை. ஆனால் பழைய கருவியைப் புதுப்பிக்காமலே வைத்திருப்போர் அதனைப் புதுப்பித்தல் வேண்டும். பாடசாலைக்கோ, சங்கத்துக்கோ, அலுவலகத்துக்கோ மறைவழி இணைப்பை அமைத்துக் கொடுக்கும் இளைஞர்கள், அதிற் சுருக்கம் இயங்குகின்றதா என்று பார்த்து நிறுத்திவிடுதல் வேண்டும். வேகம் கூடும் என்று எவரேனும் கூறினால், பூட்டிய உறையினுள் எதனை அமுக்குகின்றோம் என்று ஒரு கணம் சிந்தித்தல் வேண்டும்.

ஓமந்தைச் சாவடியிற் பொதி அவிழ்க்கப்பட்டபோது, அதனைச் சுமந்து வந்தவர் தமது கண்ணாலேயே பார்த்துக்கொண்டு நின்றார். நீளத்தின் வழியாக நிகழும் சோதனையை அதற்கு உள்ளாகுபவர் அறிவதில்லை. அவருக்காக அறிந்து, வேண்டிய இடத்திற் சிக்கனத்தைக் கைவிடுவோர் இருத்தல் வேண்டும். அத்தாய் தன் மகனோடு பேசும் சில நிமிடங்களுக்குச் சற்று அதிகத் தரவு செலவானாலும், அவர்கள் பேசியது அவர்களோடு நிற்குமாயின் அது வீண்செலவன்று.